குப்பை எரிக்கும் மாளிகையில் அக்காவும் நானும்

சுவிஸுக்குப் போய் வருகிறவர்கள் பனிமலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் குப்பை எரிக்கிற இடத்துக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டு வந்தேன். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அந்தப் படத்தைக் காட்டியபோது, கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன தம்பி, பெரிய கோயிலோ?"

"இல்லை அண்ணை. குப்பை எரிக்கிற இடம்."

"பிளேன் ஏறிப் போயும் உனக்குக் குப்பைதானோ?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துச் சமாளிப்பதில் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு.

நான் பிரதேச சபையில் குப்பை உழவு இயந்திரத்தோடு போகிறவன். என் பதவிக்குச் சபை வைத்திருக்கும் பெயர் கொஞ்சம் நீளம். ஊர் வைத்திருக்கும் பெயர் "குப்பை மாமா." செவ்வாய், வெள்ளிகளில் பெட்டி நிறையக் குப்பை ஏற்றிக்கொண்டு, உடையார்கட்டுப் பக்கமாகச் சில்லறைப் பகிடிகள் விட்டபடி போவேன். யார் வீட்டு முற்றத்திலாவது புகை தெரிந்தால் மட்டும் பகிடி நின்றுவிடும். இறங்கிப் போய்ச் சத்தம் போடுவேன். "எரிக்காதேங்கோ, எங்களிட்டத் தாங்கோ." ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு மாலை போட்டு, சூழலைக் காக்கிற மனிதர் என்று மேடையில் புகழ்ந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டேன். சூழலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குப்பையில் நெருப்பு வைப்பதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் போர் முடிந்து மீளக்குடியேறிய முதல் வருடம். நானும் அக்கா குடும்பமும் ஒரே வளவில் தகரக் கொட்டில் போட்டிருந்தோம். மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து கிணற்றடியிலிருந்து பாலைமரம் வரைக்கும் துப்புரவாக்கிவிட்டு, அதற்கப்பால் இன்னும் பார்க்கவில்லை என்று, நுனியில் சிவப்பு அடித்த தடிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தடிக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தடிக்கு அந்தப் பக்கத்தில் காய்ந்து விழுந்த பனங்காவோலையும் சருகும் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. அதற்குள்ளிருந்து இரண்டு தரம் பாம்பு வந்தது. அக்காவின் மகளுக்கு அப்போது பத்து வயது. நான் ஒரு காலைநேரம் கொக்கத்தடியை எடுத்தேன். முருங்கைக்காய் பறிக்கிற, நுனியில் கொக்கி உள்ள நீண்ட தடி. சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு, அந்தப் பக்கத்துக் காவோலையை ஒவ்வொன்றாகக் கொழுவி இழுத்தேன். காவோலையோடு சருகும் சேர்ந்து வந்தது. கால் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், தடி வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். இழுத்த எல்லாவற்றையும் முற்றத்தில் அக்கா கூட்டிக் குவித்திருந்த குப்பையோடு தள்ளிச் சேர்த்துவிட்டு, அந்தப் பகிடியைச் சொல்ல ஆள் தேடிச் சந்திக்குப் போனேன்.

சந்தியில் நாலு பேர் நின்றார்கள். "ஒரு கதை கேளுங்கோ" என்று தொடங்கினேன். அப்போதுதான் சத்தம் கேட்டது.

அத்தான், அக்காவின் கணவர், குப்பைக்கு நெருப்பு வைத்துவிட்டுக் கிட்ட நின்றிருக்கிறார். காற்றில் பொறி பறந்து கொட்டிலில் விழுந்துவிடும் என்று, கையில் வாளித் தண்ணீரோடு நின்றிருக்கிறார்.

விசாரிக்க வந்தவர்கள் குப்பைக்குள் ஏதோ கிடந்திருக்கிறது என்றார்கள். நானும் ஓம் என்றேன். குப்பை எங்கேயிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா ஒருவர் மட்டும், அத்தானின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து ஒரு நாள், "தம்பி, குழி எந்தப் பக்கமாக் கிடந்தது?" என்று கேட்டார். வெடித்த இடத்துக் குழியை மண்போட்டு மூடியவன் நான். "கவனிக்கேல்லை அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் இன்னும் கூடுதலாகப் பகிடி விடத் தொடங்கினேன்.

மருமகள், அதுதான் அக்காவின் மகள், வளர்ந்து கலியாணம் கட்டிச் சுவிஸுக்குப் போனாள். சில வருடங்களில் அக்காவையும் எடுத்தாள். போன வருடம் எனக்கும் விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினாள். விசா நேர்முகத்தில், எதற்காகப் போகிறீர் என்று கேட்டபோது, "அக்காவைப் பார்க்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அக்காவிடம் அந்தக் கொக்கத்தடியைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன் என்பதை அந்த அதிகாரிக்குச் சொல்ல முடியுமா? சூட்கேசில் மிளகாய்த்தூளும் கருவாடும் இருந்தன. மற்றதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். எடைபோட்டிருந்தால் விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

போய் இறங்கி நாலு நாளாகியும் சொல்லவில்லை. முதல் நாள் களைப்பு. இரண்டாம் நாள் வீட்டில் விருந்தினர். மூன்றாம் நாள் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது அக்கா இடியப்பம் அவித்துக்கொண்டு வந்தார். இடியப்பத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. நாலாம் நாள் ஒரு காரணமும் இல்லை, அப்படியும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் அக்கா ஒரு வேலையைத் தொடுவதில்லை என்பதைக் கண்டேன். சமைப்பார், உடுப்பு மடிப்பார், குப்பையைக் காலால் அமுக்கி அமுக்கிப் பையில் அடைப்பார். அந்த ஊரில் குப்பைக்கு என்று தனியாக விற்கிற பையில்தான் போட வேண்டும், அது விலை கூடிய பை. ஆனால் கூட்டுவது மட்டும் மருமகள். அவள் வேலையால் பிந்தி வந்தால், அடுப்படியில் சிந்திய மாகூட அவள் வரும்வரை அப்படியே கிடக்கும். நான் சும்மா இருப்பேனா? "அக்கா வெளிநாட்டுக்காரி ஆகிட்டா. விளக்குமாறு எந்தப் பக்கம் பிடிக்கிறது எண்டும் மறந்திட்டா" என்றேன். மருமகள் அம்மாவைப் பார்த்துவிட்டு அரைச் சிரிப்புச் சிரித்தாள். அக்கா எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கனநேரம் கேட்டது.

ஐந்தாம் நாள் மருமகள் சொன்னாள், "மாமா, நாளைக்கு உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். உங்கட வேலைக்கு ஏத்த இடம். இஞ்ச எல்லாரும் வந்து பாக்கிறவை."

"மலையோ?"

"குப்பை எரிக்கிற இடம்."

"பிள்ளை, நான் லீவில வந்தனான்."

"வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ."

அக்கா வரமாட்டேன் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மருமகள் அவருக்கு அந்த இடத்தின் பெயரை ஜெர்மன் மொழியில் சொல்லியிருந்தாள். ஏதோ பெரிய கட்டடம், மேலே ஏறினால் வாவி தெரியும் என்ற அளவில்தான் அக்காவுக்கு விளங்கியிருந்தது.

போய் இறங்கியபோது நானே வாயடைத்துப் போனேன். கொக்கிளாயில் கரையில் கவிழ்த்துவைத்திருக்கும் வள்ளத்தை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கட்டடம். வெளியெல்லாம் செப்புத் தகடு. வெயில் படும் இடம் பொன்னாகவும் படாத இடம் பாசி நிறமாகவும் இருந்தது. வள்ளத்தின் அணியத்தில் நட்டமாதிரி ஒரு மெலிந்த புகைபோக்கி. அதிலிருந்து புகை வரவில்லை. முதுகின் மேல் புல் வளர்த்து, நடக்கப் பாதை போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு மணமகனும் மணமகளும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் எனக்கு எங்கள் சபையின் குப்பை மேடு ஞாபகம் வந்தது. அங்கே கலியாணப் படம் எடுப்பதென்றால் முதலில் மாடுகளிடம் அனுமதி வாங்க வேண்டும்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டத்தோடு எங்களையும் சேர்த்தார்கள். எல்லோருக்கும் தலைக்கவசமும் செம்மஞ்சள் மேலங்கியும் தந்தார்கள். அசல் என் சபை மேலங்கிதான், கிழியாதது மட்டும் வித்தியாசம். கூட்டிப்போன அம்மா உயரமானவர், நரைத்த தலை, நல்ல பொறுமை. அவர் ஜெர்மன் மொழியில் சொல்வதை மருமகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். என்னை அவருக்கு அறிமுகப்படுத்தி, மாமாவும் இதே துறை என்றாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் துறையில் எனக்கு ஒருவர் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றுதான் கதைப்பார்கள்.

பெரிய கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளம். ஊரில் உள்ள எல்லா வீடுகளின் குப்பையும் அங்கே கிடந்தது. மேலேயிருந்து ஒரு இரும்புக் கை இறங்கி, ஐந்து விரலையும் விரித்து, ஒரு பிடி அள்ளியது. அந்த ஒரு பிடி என் உழவு இயந்திரத்தின் பல நாள் வேலை. அள்ளி, தூக்கி, மறுபடி மெல்லக் கொட்டியது.

"ஏன் கொட்டுறார்?" என்று அக்கா கேட்டார்.

மருமகள் கேட்டுச் சொன்னாள். "கலக்கிறாராம் அம்மா. உள்ள என்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். கலந்தால்தான் ஒரேமாதிரி எரியுமாம்."

"ஓ, குப்பையோ எரிக்கினம்?" என்றார் அக்கா. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்ததாக உலைக்குப் போனோம். ஒரு இரும்புக் கதவில் தடித்த கண்ணாடி வைத்த சின்ன யன்னல், அதற்கு மேல் ஒரு மூடி. அந்த அம்மா மூடியைத் தூக்கினார். உள்ளே நெருப்பு. கூட்டம் முழுவதும் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு அடி முன்னால் போனது.

நான் பின்னால் போனேன். யோசித்துப் போகவில்லை, கால் போனது. பின்னால் ஒரு சீமெந்துத் தூண் இருந்தது. அதன் மறைவுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டபோது, ஏற்கெனவே அங்கே ஒருவர் நின்றார். அக்கா. இருவருடைய தலைக்கவசமும் முட்டி, டொக் என்று சத்தம் வந்தது. வன்னியில் குப்பைக்கு நெருப்பு வைத்தால் எல்லோரும் செய்வது அதுதான். நீளத் தடியில் பந்தம் கட்டிக் கொளுத்திவிட்டு ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நிற்பது, கொஞ்சநேரம் கழித்து எட்டிப் பார்ப்பது. அத்தானுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பழகிய பழக்கம்.

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மருமகளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"மாமா, அம்மா, என்ன இது? வெளியில வாங்கோ. ஒண்டும் செய்யாது."

"நாங்கள் தூணைப் பாக்கிறம் பிள்ளை. நல்ல தூண்" என்றேன்.

அந்த நரைத்த அம்மா சிரிக்கவில்லை. எங்களைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மூடியை இறக்கினார். பிறகு மருமகளிடம் ஏதோ சொன்னார். மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பயப்பிடுறது சரிதானாம். சில நேரம் காஸ் சிலிண்டர் ஏதும் குப்பையோட வந்து உள்ள வெடிக்குமாம். அதுதானாம் இவ்வளவு மொத்தச் சுவர். ஒருத்தரும் கிட்ட நிக்கிறேல்லையாம்."

அக்கா அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சூடு இருந்ததோ தெரியாது.

மேலே, புல் போட்ட முதுகில், வாங்குகள் இருந்தன. வாவி தெரிந்தது. குளிர்காற்று. மருமகள் கோப்பி வாங்கி வருகிறேன் என்று கீழே போனாள். நானும் அக்காவும் ஒரு வாங்கில் இருந்தோம். நான் ஏதாவது பகிடி சொல்லித் தப்பலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா, வாவியைப் பார்த்தபடியே, யாரோடோ கதைக்கிறமாதிரிச் சொன்னார்.

"நான் பாத்துக் கூட்டியிருக்கோணும்."

"என்னக்கா?"

"அண்டைக்கு. கிணத்தடியில இருந்து கூட்டிக்கொண்டு வரேக்க விளக்குமாத்தில என்னவோ கனமாத் தட்டினது. சிரட்டை எண்டு நினைச்சன். குனிஞ்சு பாக்கேல்லை. சருகோட தள்ளிக் குப்பையில சேத்திட்டன். நான்தான்ரா அந்த மனுசனை…"

வாங்கில் கிடந்த புல்லொன்றைக் கையால் தள்ளிவிட்டார்.

இத்தனை வருடமும் நான் என்னுடைய பயத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா அறிந்தால் என்னை வெறுப்பார், அதுதான் என் கவலை. நான் சொல்லாமல் விட்ட இடத்தை அக்கா தன்னைக்கொண்டு நிரப்பியிருப்பார் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. விளக்குமாறு எந்தப் பக்கம் பிடிப்பது என்று அந்த மனுஷியிடம் நான் கேட்டேன்.

"அக்கா, அது சிரட்டைதான்" என்றேன்.

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"நான்தான் அந்தப் பக்கத்தில இருந்து இழுத்தனான். சிவப்புத் தடிக்கு அங்கால இருந்து. காவோலை, சருகு எல்லாம். கொக்கத்தடியால இழுத்து உங்கட குப்பையோட சேத்திட்டுச் சந்திக்குப் போனனான். அத்தானிட்டச் சொல்லேல்லை. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அழுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி. முன்பு ஒரு தடவை கேட்ட அதே கேள்வி.

"குழி எந்தப் பக்கம் கிடந்தது?"

"பாலைமரப் பக்கம். நான் சேத்த பக்கம். கிணத்தடிப் பக்கத்துக் குப்பை அப்பிடியே எரியாமல் கிடந்தது. நான்தான் பிறகு அள்ளினனான். சிரட்டையும் அதுக்குள்ள கிடந்தது அக்கா. கண்டனான்."

"கண்டனீ."

"ஓம்."

"கண்டிட்டும் கவனிக்கேல்லை எண்டு சொன்னனீ."

அக்கா கைகளை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டார். மருமகள் மூன்று கோப்பியோடு வந்து, "என்ன, ரெண்டு பேரும் சண்டையோ?" என்று கேட்டாள்.

"குளிருது. போவம்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நான் அங்கே நின்ற ஆறு நாளும் அக்கா நேரத்துக்குச் சோறு போட்டார். "தண்ணி எடு," "யன்னலைச் சாத்து," "உடுப்பை மடிச்சு வை," இதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. நான் ஒரு தரம், குப்பையை எரித்த சூட்டில்தான் இந்த வீட்டுக்குச் சுடுதண்ணீர் வருகிறது என்பதை வைத்து ஏதோ ஒரு பகிடி சொல்லிப் பார்த்தேன். மருமகள் மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வீடு முன்பை விட அமைதியாகிவிட்டது. விமான நிலையத்தில் அக்கா என் சால்வையைச் சரிசெய்துவிட்டார். போயிட்டு வா என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பி இரண்டு கிழமை அக்காவிடமிருந்து தொலைபேசி வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்லுவது? கடையில் படத்தைக் காட்டிச் சிரிக்கவைத்தேன். வேலைக்குப் போனேன். யாரோ ஒருவர் வளவில் வாழைச்சருகு எரித்ததற்காக வழக்கத்தை விடக் கூடுதலாகச் சத்தம் போட்டு, அந்த மனிதரிடம் ஏச்சு வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோ அழைப்பு வந்தது. அக்காவின் முகம் மட்டும், அதுவும் பாதி.

"எங்க நிக்கிறாய்?"

"முத்தத்தில."

"போனைத் திருப்பிப் பிடி. பாலைமரத்தைக் காட்டு."

காட்டினேன். சிவப்புத் தடிகளைப் பிறகு வந்தவர்கள் அந்தப் பக்கத்தையும் துப்புரவாக்கிவிட்டு எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தடி எங்கே நின்றது என்று கேட்டார். நின்ற இடத்தில் போய் நின்றேன். குப்பை எங்கே கிடந்தது என்று கேட்டார். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. நானும் அதில் ஒன்றும் நடுவதில்லை.

"அங்க இருந்து இஞ்ச நட. எண்ணு."

நடந்தேன். பதினாலு காலடி.

"இப்ப கிணத்தடியில இருந்து."

கிணற்றடியிலிருந்தும் நடந்தேன். அக்கா எண்ணிக்கையைக் கேட்கவில்லை. திரையில் அவர் கண்கள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தன, தன்னுடைய காலடிக்குள் எதையோ தேடுகிறமாதிரி.

"அக்கா, பிழை என்னிலதான். உங்களிட்ட மன்னிப்பு…"

"அதை விடு. நான் உனக்கு இப்ப ஒண்டும் சொல்லமாட்டன். எனக்கு நாள் வேணும்." எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிள்ளை பதினாறு வயசில என்னட்டக் கேட்டவள், அப்பா வைச்ச நெருப்புக்குள்ள வெடி எப்பிடி வந்தது எண்டு. அம்மா கூட்டின குப்பையோடதான் எண்டு சொன்னனான். அண்டையில இருந்து அவள் என்னைக் கூட்ட விடுறேல்லை. எனக்காகத்தான் எண்டு நினைச்சுச் செய்யிறாள். எனக்கு அது ஒவ்வொரு நாளும் தண்டனைமாதிரி."

"ஐயோ அக்கா."

"ஐயோ சொல்லாத. இதை நான் திருத்திச் சொன்னால், அம்மா தன்னை ஆறுதல்படுத்தச் சொல்லுறா எண்டு நினைப்பாள். நீ சொல்லோணும். பகிடி விடாமல் சொல்லோணும்."

"எப்ப?"

"இப்ப. பக்கத்து அறையில நிக்கிறாள்."

திரை ஆடியது. கூரை தெரிந்தது, ஒரு கை தெரிந்தது, பிறகு மருமகளின் முகம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பார்க்கத் தெரிந்தது.

"என்ன மாமா? அம்மா ஏன் ஒருமாதிரி நிக்கிறா?"

வழக்கமாக இந்த இடத்தில் என் வாயில் ஏதாவது வரும். காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. தொலைபேசியைக் கிணற்றுக் கட்டில் சாய்த்துவைத்துவிட்டு, அவளுக்கு முகம் தெரியும்படி முன்னால் குந்தினேன்.

"பிள்ளை, அண்டைக்குக் காலமை உங்கட அம்மா கூட்டி முடிச்ச பிறகு, நான் கொக்கத்தடியை எடுத்தனான்" என்று தொடங்கினேன்.